பதினெட்டு என்று சொன்ன பிள்ளை

ஆவணி ஆறாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். சோளகக் காற்று பிடித்த பிடியில் கரம்பொன் சந்தியின் மண்ணில் பாதி என் வாய்க்குள் இருந்தது. மழைக்கு ஓர் அறிகுறியும் இல்லை. வருடத்தை மட்டும் எழுத வேண்டாம் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களே என்பது அவருடைய கவலை. அவர்களில் ஒருத்தி உயிரோடு இருக்கிறாளா என்பதுதான் அன்று காலை எங்களுடைய கவலை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ் நின்றது. றோசலின் இறங்கினாள். எனக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவள், நான் பார்க்கப் பிறந்தவள். தையல் மெசினில் இருந்தே மகளைப் படிப்பித்தவள். இரண்டு கையிலும் இரண்டு பை. ஒன்றில் புதுச்சேலை, மற்றதில் பலகாரத்துக்கு மாவும் சீனியும்.

பஸ் போய்த் தூசி அடங்கியதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் பார்த்தது எனக்குப் பின்னால். அங்கே மின்கம்பத்துக்கும் புளியமரத்துக்கும் இடையில் பத்தடி நீளத்தில் ஒரு பதாகை கட்டியிருந்தது. கறுப்புக் கரை. ஒரு மூலையில் குத்துவிளக்கு, மற்ற மூலையில் சிலுவை. நடுவில், சிரித்த முகத்தோடு அவளுடைய ஒரே மகள் ஜெனிற்றா. மேலே, ஒரு முழ உயர எழுத்தில், 'கண்ணீர் அஞ்சலி'.

நான் அதை இன்னும் பார்க்கவில்லை.

றோசலின் கத்தவில்லை. பைகளை மெதுவாக நிலத்தில் வைத்தாள். என் கிட்ட வந்தாள்.

"அண்ணை, எப்ப?"

மின்விசிறியில் பெயர்

நான் சொன்ன பதிலை எழுதமுன், அந்தப் பதாகை அங்கே எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. போன கிழமை ஊர்க் கிணறுகளைப் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகர், 'உமக்கு எண்ணுகிறதைத் தவிர வேறு வேலை இல்லையோ' என்று கேட்டிருந்தார். இல்லை. அரசாங்கக் கச்சேரியில், புள்ளிவிபரப் பகுதியில், முப்பத்தொரு வருடம் அதற்குத்தான் சம்பளம் தந்தார்கள்.

ஜெனிற்றா சதுரங்கத்தில் நாட்டின் பெண்கள் சாம்பியன். யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்து படித்த காலத்தில் பழகிய விளையாட்டு. பிறகு உதவிப்பணம் கிடைத்து வெளிநாடு போனாள். மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை.

எங்கள் சனசமூக நிலையத்திலும் ஒரு சதுரங்கப் பலகை இருக்கிறது. அதில் ஒரு கறுப்புக் குதிரை காணாமல் போய், அந்த இடத்தில் சோடாப் போத்தல் மூடி நின்று விளையாடுகிறது. அந்தப் பலகையை ஜெனிற்றா வாழ்நாளில் தொட்டதில்லை. ஆனாலும் அவள் சாம்பியனான கிழமையே 'எமது நிலையம் ஈன்றெடுத்த செல்வி' என்று எழுதி, படத்தைக் கண்ணாடி போட்டு மண்டபத்தில் மாட்டினோம். றோசலின் அதை வாசித்துச் சிரித்துவிட்டுப் போனாள். ஈன்றெடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும்தானே.

மண்டபம் பரமலிங்கத்தின் உபயம். பரமலிங்கம் எங்கள் ஊரவர், இப்போது கனடாவில். எங்கள் தீவுகளில் உபயகாரரின் பெயர் இல்லாத பொருள் கிடையாது. பள்ளிக்கூடக் கேற்றில் இருக்கும், கோயில் மணியில் இருக்கும், சுடலை மடத்து ரியூப் லைற்றில்கூட இருக்கும். எங்கள் மண்டபத்தில் நிலையத்தின் பெயர் ஓர் இடத்திலும் பரமலிங்கத்தின் பெயர் பதினொரு இடத்திலும் இருக்கிறது. மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் எழுதியிருக்கிறார்கள். விசிறி சுற்றினால் பெயர் தெரியாது. ஆகையால் அவர் ஊருக்கு வரும் நாட்களில் விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு இருப்போம்.

நான் அந்த நிலையத்தின் தலைவர். தலைவர் என்றால், கூட்டத்தில் முதலில் பேசிப் பிறகு ஒருவரும் கேட்காமல் இருக்கும் ஆள்.

ஐம்பது விநாடி, பதினொரு விநாடி

அந்த வருடக் கோடையில் ஜெனிற்றா ஒரு வெளிநாட்டுப் பட்டினத்தில் போட்டியில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் விளையாடிய கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ரயில் நிலையம். ஒரு காலை அங்கே ஓர் இளைஞன் குண்டோடு வந்து வெடித்தான். பதினேழு பேர் செத்தார்கள். போட்டியை ஒரு நாள் நிறுத்திப் பிறகு நடத்தினார்கள். ஜெனிற்றா வென்றாள்.

எங்கள் ஊரில் உடனே வரவேற்புக்கு ஏற்பாடு தொடங்கியது. அவள் மாதக் கடைசியில் வருகிறாள் என்று கேட்டு, றோசலின் யாழ்ப்பாணத்தில் தங்கை வீட்டுக்குப் போய் நின்று சாமான் வாங்கினாள். அதற்குள் ஒரு தொலைக்காட்சிக்காரர் ஜெனிற்றாவைத் தேடிப் பிடித்து, பதினேழு பேரைப் பலிகொண்ட தாக்குதலுக்குப் பிறகு எப்படி மனதை ஒருநிலைப்படுத்தி விளையாடினீர்கள் என்று கேட்டுவிட்டார்.

அவள் சொன்னதை எங்கள் செயலாளர் யோகனின் கைத்தொலைபேசியில் நான்கு தரம் போட்டுக் கேட்டேன். இதுதான் முழுவதும்:

"ஒருநிலைப்படுத்தேல்லை. நான் பூ வைக்கப் போனனான். எல்லாரின்ரை படமும் வச்சிருந்தவை. அதிலை ரண்டு சின்னப்பிள்ளையள். பாத்திட்டு வந்து எனக்கு நித்திரை இல்லை. ஆனா செத்தது பதினெட்டுப் பேர். அந்தப் பெடியனும் செத்தவன். அவன் செய்தது மன்னிக்க ஏலாத வேலை. ஆனா அவன்ரை தாயும் இந்தப் பட்டினத்திலைதான் இருக்கிறா. அவ அழுகிறதுக்கும் ஒரு இடம் வேணுமெல்லோ?"

ஐம்பது விநாடி. அடுத்த நாள் ஊரெல்லாம் கைமாறியது பதினொரு விநாடி. பூ, படங்கள், சின்னப்பிள்ளைகள், மன்னிக்க ஏலாத வேலை, எல்லாம் வெட்டுப்பட்டுவிட்டன. பெடியனும் அவனுடைய தாயும் மட்டும் தப்பினார்கள். தலைப்பு: 'பயங்கரவாதிக்குக் கண்ணீர் வடிக்கும் சதுரங்க ராணி'.

பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. பதக்கத்தைத் திருப்பி வாங்கு என்றார்கள் சிலர். தமிழிச்சி வேறு எப்படிப் பேசுவாள் என்றார்கள் சிலர். தமிழரின் பெயரைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள் தமிழர். குதிரை எப்படி நகரும் என்று தெரியாத ஒருவர், சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு இயல்பிலேயே இரக்கம் குறைவு என்று எழுதினார். இன்னொருவர், இரக்கம் கூடிப்போனதுதான் இவளுடைய பிழை என்று எழுதினார். இரண்டு பேருக்கும் ஒரே ஆட்கள் கைதட்டினார்கள்.

ஞாயிறன்று சேட்டைக் களிசானுக்கு வெளியே விட்ட ஒரு புலனாய்வுக்காரர் மோட்டார்சைக்கிளில் வந்தார். றோசலின் வீடு எது என்று விசாரித்தார். யோகனின் கடையில் ஒரு சோடா குடித்தார். போய்விட்டார். அந்தச் சோடாவுக்கு யோகன் காசு வாங்கவில்லை. பயத்தில் வாங்க மறந்துவிட்டான்.

கூட்டல் ஒன்றுதானே

திங்கட்கிழமை பின்னேரம் செயற்குழு கூடியது. ஏழு பேர். மேசை நடுவில் யோகனின் தொலைபேசி. அதற்குள் பரமலிங்கம்.

"மண்டபத்திலை என்ரை பேர் இருக்கு. அந்தப் பிள்ளையின்ரை படமும் இருக்கு. ரண்டையும் ஒரே சுவரிலை இஞ்சத்தை ஆக்கள் பாத்தா என்னை என்னெண்டு நினைப்பினம்?"

"படத்தைக் கழட்டுறம் அண்ணை," என்றான் யோகன்.

"கழட்டினாக் காணாது. கண்டிக்க வேணும். சந்தியிலை போடுங்கோ. அவள் சொன்னதுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை எண்டு நாலு பேர் பாக்க வேணும். படம் எடுத்து எனக்கு அனுப்ப வேணும்."

நான் கையை உயர்த்தினேன். "கண்டிக்கமுன்னம் ஒண்டு. அவள் சொன்ன தொகை பிழையோ?"

ஆறு பேரும் தொலைபேசியைப் பார்த்தார்கள்.

"செத்த ஆக்களை எண்ணினால் செத்த ஆக்களைத்தான் எண்ணுறது. நல்லவன் கெட்டவன் எண்டு கச்சேரிப் படிவத்திலை நிரல் கிடையாது."

"ஐயா, இது கணக்கில்லை. அரசியல்," என்றான் யோகன்.

"அரசியல் எண்டாலும் கூட்டல் ஒண்டுதானே?"

"ஆர் உவர் கதைக்கிறது?" என்றது தொலைபேசி.

"தலைவர், அண்ணை."

"தலைவரோ? அந்தாள் இன்னும் இருக்கோ?"

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலத்தில் தீவுகளை எண்ண எங்களை அனுப்பினார்கள். மண்கும்பானில் கடற்கரையோரம் கூரை இல்லாத வீடுகள். மடத்துவெளியில் கதவு இல்லாத வீடுகள். ஆட்கள் இருந்த வீடுகளில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும், முன்பு எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டும். ஊரை விட்டுப் போனவர்களையும் கழித்தால் செத்தவர்களின் தொகை வரும். சைக்கிளை நிறுத்திவிட்டு மரத்தடியில் இருந்து அதைக் கூட்டுவேன். அரசாங்கம் தன் பக்கத்தில் செத்தவர்களைச் சொல்லும். இயக்கங்கள் தங்கள் பக்கத்தில் செத்தவர்களைச் சொல்லும். பத்திரிகைகள் இடையில் ஒரு தொகையைச் சொல்லும். எல்லாவற்றையும் சேர்த்தாலும் என்னுடைய தொகைக்குக் கிட்ட வராது. யாருக்கும் வேண்டாத சாவுகள் அவ்வளவு இருந்தன. அவற்றுக்கு இருந்த ஒரே ஆதாரம், குசினிக்குள் இருந்து எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த தாய்மார்தான். அன்று பிடித்த வியாதி. தொகையைக் குறைத்துச் சொன்னால் எனக்கு வயிறு எரியும்.

இதைக் கூட்டத்தில் சொல்ல வாயெடுத்தேன். பரமலிங்கத்துக்கு வேலைக்குப் போக நேரமாகிவிட்டது என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஆறுக்கு ஒன்று. வரவேற்பு நிற்பாட்டப்பட்டது. சந்தியில் பதாகை போடுவதென்று தீர்மானம். றோசலின் அடுத்த நாள் காலை பஸ்ஸில் வருகிறாள். அவளுக்கு யார் சொல்வது என்று கேள்வி வந்ததும் ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் மட்டும் நான் தலைவர்.

யோகன் அங்கே இருந்தே யாழ்ப்பாணத்தில் உள்ள ஓர் அச்சகத்துக்குக் குரலஞ்சல் அனுப்பினான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அண்ணை, கரம்பொன்னிலை இருந்து யோகன். படமும் வசனமும் அனுப்பியிருக்கிறன். பத்தடி. கலர் வேண்டாம், கறுப்பு வெள்ளை. கொஞ்சம் பாரதூரமா இருக்க வேணும். அவசரம் அண்ணை, விடிய முதல் பஸ்ஸிலை போட்டுவிடுங்கோ."

விடிய வந்தது. விடிகாலை அரை இருட்டில் யோகன் ஏணி வைத்துக் கட்டினான். காற்றில் அது சுருண்டு சுருண்டு அடித்ததால் வாசிக்கவில்லை, தான் எழுதியதைத் தானே ஏன் வாசிப்பான். கடையைத் திறக்கப் போய்விட்டான்.

நேற்றுப் பின்னேரம்

இனிச் சந்திக்கு வருவோம்.

"அண்ணை, எப்ப?" என்று றோசலின் கேட்டாள்.

வரவேற்பு நின்ற செய்தி எப்படியோ அவளுக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். இரவு முழுவதும் எப்படித் தொடங்குவது என்று யோசித்த எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

"நேற்றுப் பின்னேரம், பிள்ளை," என்றேன்.

அவள் அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

"பிள்ளை, பிழை! இது பிழை! ஜெனிற்றா உயிரோடை இருக்கிறாள்!" என்று கத்தினேன். ஒரு நிமிடத்துக்கு முன்னர்தான் நேரம் சொன்ன ஆள் நான். யார் நம்புவார்கள்? சந்தியில் நின்ற இரண்டு பெண்கள் ஓடிவந்து றோசலினைத் தூக்கினார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "ஐயாவுக்கும் அதிர்ச்சி. தண்ணி குடுங்கோ," என்றாள். எனக்கும் தண்ணீர் தந்தார்கள்.

ஜெனிற்றாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். நிறுத்தி வைத்திருந்தாள். மறுபடி எடுத்தோம். நிறுத்தித்தான் இருந்தது.

யோகன் ஓடிவந்து பதாகையைப் பார்த்து வெளிறிப்போனான். அச்சகத்துக்கு எடுத்தான். அங்கே இருந்தவர் கோபித்துக்கொண்டார்.

"நீங்கள் தந்த வசனத்திலை ஒரு எழுத்து மாத்தேல்லை. கீழை பாருங்கோ."

பார்த்தோம். குத்துவிளக்குக்குக் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல, எங்கள் கண்டனத்தின் அறுபத்துநாலு சொல்லும் இருந்தன.

"மேலை கண்ணீர் அஞ்சலி எண்டு ஆர் போடச் சொன்னது?"

"தம்பி, படம் அனுப்பி, கறுப்பு வெள்ளையிலை, ராவோடை ராவா அடிச்சு முதல் பஸ்ஸிலை விடு எண்டு யாழ்ப்பாணத்திலை வேறை எதுக்குக் கேக்கிறவை? சிலுவைகூட நாங்களா யோசிச்சுப் போட்டது. அதுக்குக் காசு எடுக்கேல்லை."

அந்த மனிதரில் குற்றம் இல்லை. எங்கள் நாட்டில் கலியாணத்துக்கு அச்சடிக்க ஒரு மாதம் கொடுப்பார்கள். கோயில் திருவிழாவுக்கு இரண்டு கிழமை. ஓர் இரவு மட்டும் கொடுப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். ஒருவரைக் கண்டிப்பதற்கு அவ்வளவு அவசரப்படுவார்கள் என்று அவர் எப்படி நினைப்பார்?

கதிரைகள் வந்தன

பத்து மணிக்கு மாதா கோயில் துக்க மணி அடித்தது. யார் சொல்லி அடித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. மணி கேட்டால் எங்கள் ஊரில் ஆட்கள் காரணம் கேட்பதில்லை, புறப்படுவார்கள். றோசலின் வீட்டு முற்றத்தில் பந்தல் எழும்பியது. வாடகைக் கதிரை அறுபது வந்து இறங்கியது. சைவர்கள் வந்தார்கள், வேதக்காரராகிய கிறிஸ்தவர்கள் வந்தார்கள், நெடுந்தீவில் கட்டிக் கொடுத்த சொந்தக்காரி படகுக்குப் புறப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்தது.

நான் ஒவ்வொருவரிடமும் போய், "அவள் சாகேல்லை, அது அச்சுப்பிழை," என்றேன். பாவமாகப் பார்த்தார்கள். "ஏத்துக்கொள்ளக் கஸ்ரம்தான் ஐயா," என்றார் ஒருவர். யோகனிடம் சொல்லச் சொன்னேன். அவன் சொன்னான். ஆனால் தொலைபேசி எடுபடாமல் போகப் போக, அவனுடைய குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பதினொரு மணியளவில் என் காதுக்குள், "ஐயா, ஒருவேளை உண்மையாவே ஏதும் நடந்திருக்குமோ? அந்தப் பிள்ளையை எல்லாரும் அப்பிடிப் பேசினவை," என்றான். பதாகைக்கு ஓடர் கொடுத்தவன் பதாகையை நம்பத் தொடங்கிவிட்டான். பக்கத்துக் கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்தான்.

கனடாவில் அப்போது நடுச்சாமம் தாண்டிவிட்டது. யாரோ பதாகையைப் படம் பிடித்து முகநூலில் போட, பரமலிங்கம் விழித்திருந்து அதைக் கண்டார். அறுபத்துநாலு சொல்லை அவரும் வாசிக்கவில்லை. உடனே எழுதினார். தீவகம் ஒரு முத்தை இழந்துவிட்டது என்றார். உலகமே மௌனமாக இருந்தபோது ஒரு தாய்க்காகத் துணிந்து பேசிய வீரமகள் என்றார். பந்தல், கதிரை, தேத்தண்ணிச் செலவு முழுவதும் தன்னுடையது என்றார். தொள்ளாயிரம் பேர் அதைப் பகிர்ந்தார்கள். முந்திப் பதினொரு விநாடியைப் பகிர்ந்த அதே தொள்ளாயிரம் பேர் என்று என்னால் நிரூபிக்க ஏலாது. சந்தேகம் மட்டும் உண்டு.

றோசலின் உள்ளே, சுவரில் சாய்ந்து, ஒரு கதிரையில் இருந்தாள். அழவில்லை. நான் உள்ளே போனபோது கேட்டாள்: "அண்ணை, ரயில் நிலையத்திலையோ?"

"பிள்ளை, அது முந்தி நடந்தது. அது அவளில்லை. என்னை நம்பு."

"நீங்கள்தானே நேற்றுப் பின்னேரம் எண்டனீங்கள்."

அதற்குப் பிறகு நான் வெளியே போகவில்லை. அங்கேயே நின்றேன்.

சீனி

பதினொன்றரைக்கு மாப்பையில் ஏதோ பாடியது. சந்தியிலிருந்து தூக்கி வந்த பை, குசினி வாசலில் இருந்தது. ஒரு பெண் பையைக் கிண்டித் தொலைபேசியை எடுத்தாள். எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள். வீல் என்று கத்திப் போட்டுவிட்டாள். நான் குனிந்து எடுத்தேன். குனிந்தால் எனக்கு நிமிர நேரம் எடுக்கும். குனிந்தபடியே றோசலினின் காதில் வைத்தேன். பிள்ளையின் குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா, என்னெண்டு இவ்வளவு பேர் என்ரை ஆன்மா சாந்தியடைய வேணும் எண்டு எழுதியிருக்கினம்? பேச்சுத் தாங்கேலாமல் ரண்டு நாளாப் போனை நிப்பாட்டி வச்சிருந்தனான். இப்பதான் போட்டனான்."

றோசலின் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நீ எங்கை நிக்கிறாய்?"

"குசினியிலை. தேத்தண்ணி போடுறன்."

"சீனி போட்டாச்சோ?"

"இன்னும் இல்லை."

"போடு," என்றாள் றோசலின். அதன்பிறகுதான் அழுதாள். அன்று அந்த வீட்டில் அழுதவர்களில் கடைசி ஆள் அவள்.

வெளியே செய்தி பரவியது. சந்தோசப்பட்டார்கள், அதைக் குறைசொல்லக் கூடாது. ஆனால் ஒருவருக்கும் எழும்பத் தெரியவில்லை. செத்த வீட்டில் எப்போது எழும்புவது என்று எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். சாகாத வீட்டில் அதற்கு முறை இல்லை. அறுபது கதிரையிலும் அப்படியே இருந்தார்கள்.

நான் வெளியே வந்தபோது யோகனின் தொலைபேசி அடித்தது. பரமலிங்கம்.

"ஐசே, நான் எழுதினதை எடுக்கட்டோ?"

"எடுத்தா இன்னும் பிழை அண்ணை. எல்லாரும் பாத்திட்டினம்."

"அப்ப கண்டனம்?"

யோகன் என்னைப் பார்த்தான். "ஐயா, இனி அந்தப் பிள்ளையைக் கண்டிக்கிறதோ, வரவேற்கிறதோ?"

அந்த மனுசி

நான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் றோசலின் வந்து நின்றிருந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். கையில் தொலைபேசியை இன்னும் பிடித்திருந்தாள்.

"ஒண்டு கேக்கட்டோ?" என்றாள். "காலமை தொடக்கம் இதிலை இருந்தனான். கதிரை போட்டியள். தண்ணி பருக்கினியள். நேற்று என்ரை பிள்ளையைப் பேசின ஆக்களும் வந்து அழுதியள். நான் பிழை சொல்லேல்லை. அங்கை அந்தப் பெடியனைப் பெத்த மனுசி இருக்கிறாளே, அவளுக்கு ஆர் கதிரை போட்டது?"

எந்த மனுசி என்று ஒருவரும் கேட்கவில்லை.

யோகன் மெதுவாக, "அக்கா, அவன் பதினேழு பேரைக் கொன்றவன்," என்றான்.

"ஓம். கொன்றவன். அந்தப் பதினேழு வீட்டிலையும் இண்டைக்கு எனக்கு இருந்த மாதிரித்தான் இருந்திருக்கும். எனக்கு ரண்டு மணித்தியாலத்திலை போன் வந்தது. அவைக்கு வராது. அவளுக்கும் வராது."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய், பையிலிருந்த மாவை எடுத்து வந்து முற்றத்து வெயிலில் வைக்கத் தொடங்கினாள். ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். போகும்போது அவரவர் இருந்த கதிரையை அவரவரே மடித்து வைத்துவிட்டுப் போனதை அன்றுதான் எங்கள் ஊரில் முதல்தடவை கண்டேன்.

பின்னேரம் யோகனே ஏணி கொண்டுபோய்ப் பதாகையைக் கழற்றினான். செயற்குழு மறுபடி கூடியது. வரவேற்பு நடத்துவதென்று தீர்மானம். ஏழுக்குப் பூச்சியம். பரமலிங்கம் இந்தமுறை தொலைபேசிக்குள் இல்லை. பிள்ளை மாதக் கடைசியில் வந்தாள், பொன்னாடை போர்த்தார்கள், யோகன் அரை மணித்தியாலம் பேசினான். பதினேழு, பதினெட்டு இரண்டையும் அவன் சொல்லவில்லை. 'பலர்' என்றான்.

சுவாமியின் கேள்வி

ஆனால் வரவேற்புக்கு முந்திய ஞாயிறு ஒன்று இருக்கிறது. றோசலின் என்னைக் கூட்டிக்கொண்டு மாதா கோயில் பாதிரியாரான சுவாமியிடம் போனாள். செத்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும், ஆளுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்றாள்.

சுவாமி நல்ல மனிதர். கொஞ்சம் பயந்த மனிதரும்கூட. மோட்டார்சைக்கிள்காரர் அவரிடமும் போயிருக்கிறார்.

"பதினேழு பேருக்குத்தானே, றோசலின்?"

"எத்தினை பேர் செத்ததெண்டு ஐயாவைக் கேளுங்கோ, சுவாமி. அவர் எண்ணுற ஆள்."

சுவாமி என்னைப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் உத்தியோகம் பார்த்தேன். தொகையை ஒருவர் என் வாயிலிருந்து கேட்டு அதன்படி நடக்கப்போவது அன்றுதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். சோளகத் தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நான் சைவன், சுவாமி. பூசை எனக்குத் தெரியாது. தொகை பதினெட்டு."

அவர் எழும்பி யன்னலைச் சாத்தினார். பிறகு, "இறந்த எல்லாருக்கும் எண்டு சொல்லுறன். திரியை நீங்கள் கொளுத்துங்கோ. நான் எண்ணமாட்டன்," என்றார். அவருக்கு அது போதுமான துணிவு.

மெழுகுதிரிக்கு றோசலின் காசை எடுத்தாள். 'நேற்றுப் பின்னேரம்' என்று சொன்ன வாய் என்னுடையது. அது என்னுடைய செலவு என்றேன். பஸ் ஏறி ஊர்காவற்றுறைக்குப் போனேன். கடைக்காரர் பெட்டியை எடுத்து வைத்தார். ஒரு பெட்டியில் ஆறு.

"மூண்டு தாரும்."

"திருநாளோ ஐயா?"

"இல்லை. அந்த ரயில் நிலையத்திலை செத்த ஆக்களுக்கு."

அவர் பெட்டியில் கைவைத்தபடி யோசித்தார். அவரும் பதினொரு விநாடியைப் பார்த்திருப்பார்.

"அது பதினேழெல்லே?"

"பதினேழுக்கு எத்தினை பெட்டி தருவீர்?"

விரல்விட்டுப் பார்த்தார். "மூண்டுதான்."

"அப்ப கட்டும்."

கட்டித் தந்தார். பஸ் போகவர எண்பது ரூபா. மெழுகுதிரி, பெட்டி முந்நூற்றைம்பதுப்படி மூன்று பெட்டி, ஆயிரத்து ஐம்பது. எல்லாமாக எனக்குப் போனது ஆயிரத்து நூற்று முப்பது ரூபா.